முரசுப் பையனுக்கு முப்பத்தொன்பது வயது

எங்கள் ஓஹையோ ஊரில் டாரியஸ் கோஃபுக்கு வயது முப்பத்தொன்பது. எடை, இரண்டு மாவு மூட்டை. ஊருக்கு அவன் இன்னும் 'முரசுப் பையன்'. பதினொரு வயதில் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போனவன். துப்பாக்கி தூக்க வயது போதாது, குண்டடி பட மட்டும் போதும் என்று முடிவுகட்டிய அரசாங்கம் கையில் முரசைக் கொடுத்தது.

ஆண்டுதோறும் மே கடைசியில் போர்வீரர் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஊர்வலம். முன்னால் முரசடித்துப் போக டாரியஸைப் பழைய படைச்சட்டைக்குள் திணிப்பது விழாக்குழுவான எங்கள் பொறுப்பு. பொத்தானும் துளையும் சந்தித்துப் பல வருடமானதால் ஒட்டுத்துணி வைத்து அகலப்படுத்தியிருந்தோம். வீரத்தை அகலப்படுத்துவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

இந்த வருடம் குழுக் கூட்டத்தில், "நான் முரசு அடிக்கமாட்டேன்" என்றான்.

"ஏம்ப்பா, குச்சி பிடிக்க விரல் மடங்கலியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"லேவி அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

சிரிப்பு நின்றது.

லேவி ஷட்டக் ஊர்க்கோடியில் ஆடு வளர்ப்பவர். போரில், கொப்புளம் வெடித்த காலோடு அழுத டாரியஸை முரசோடு சேர்த்துத் தோளில் சுமந்தவர். பிறகு ஒருநாள் விடியலில் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினார். பிடித்துவந்து, பாதித் தலையை மழித்து, முதுகில் 'கோழை' என்று பலகை மாட்டி, படை பார்க்கத் துரத்தினார்கள். அப்படித் துரத்தும்போது பின்னாலேயே ஒருவன் முரசடித்துக்கொண்டு போக வேண்டும். போனவன் டாரியஸ்.

இருபத்தெட்டு வருடம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இப்போது தன் மகனுக்குப் பதினொரு வயது ஆனதிலிருந்து டாரியஸுக்குச் சோறு இறங்கவில்லை.

துணைக்கு என்ற சாக்கில் நானும் போனேன், வேடிக்கை பார்க்கத்தான். லேவி ஆட்டுக்குக் குளம்பு சீவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னிக்கு நான் அடிச்சிருக்கக் கூடாது."

"பொடிப்பயடா நீ. அடிக்கலேன்னா உன் தோலை உரிச்சிருப்பானுங்க. எனக்குத் தெரியாதா?"

"அப்போ கோவம் இல்லியா?"

"அதுக்கு இல்ல." ஆட்டின் காலை விட்டார். "அப்புறம் வருஷா வருஷம் என் வாசல்வழியா அடிச்சுக்கிட்டுப் போனியே, அப்பவும் பதினோரு வயசா உனக்கு?"

கல்லறைக்கு வேறு வழியும் உண்டு. இது அகலமான தெரு என்று தேர்ந்தெடுத்தது நாங்கள்.

அடுத்த கூட்டத்தில் ஊர்வல வழியை மாற்றச் சொல்ல எனக்கு இரண்டு முறை வாய்வரை வந்தது. சொல்லவில்லை. தபால்காரர் மகனிடம் முரசைக் கொடுத்தோம்.

ஊர்வலம் லேவியின் வாசலைத் தாண்டியபோது, வேலிக்கு வெளியே டாரியஸ் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். உள்ளே வா என்று லேவி கூப்பிடவில்லை. போ என்றும் சொல்லவில்லை.