செம்பட்டையான கறுப்புப் பசு

"டாக்டரம்மா, மாட்டுக்கு டை அடிச்சு எங்கிட்ட வித்துட்டாருங்க!"

காலையில் கால்நடை மருந்தக வாசலில் நான் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் அம்பகரத்தூர் தமிழரசி கத்தினார். அவர் கையில் பசுவின் கயிறு. பசுவுக்கு அந்தப் பக்கம் கலியமூர்த்தி. தமிழரசியின் மகளை அவர் மகனுக்குத்தான் நிச்சயம் செய்திருந்தார்கள். சம்பந்தியாயிற்றே என்று நம்பி அவரிடம் வாங்கிய பசு. வாங்கும்போது கன்னங்கரேலென்று இருந்ததாம். இப்போது செம்பட்டை.

"மாட்டுக்குப் போயி எவனாச்சும் டை அடிப்பானாங்க?" என்றார் கலியமூர்த்தி.

"மாட்டுலயே ஏமாத்துறவங்க மாப்பிள்ளையில என்னத்த மறைச்சாங்களோ! கல்யாணமே வேணாம்."

பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துப் பசுவின் முதுகில் அழுத்தித் தேய்த்தேன். சாயம் எதுவும் வரவில்லை. முகத்தைத் திருப்பினேன். இரண்டு கண்ணையும் சுற்றி வெளிறிய வளையம். மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட ஆய்வுக்கு வந்த அதிகாரிபோல அது என்னைப் பார்த்தது. சிரித்துவிட்டேன்.

"கல்யாணமே நிக்கப்போவுது, நீங்க சிரிக்கிறீங்களே!" என்றார் தமிழரசி.

"தீவனம் என்ன போடுறீங்க?"

"வைக்கோல்தாங்க. வேறென்ன?"

"எங்க வீட்ல வரப்புப் புல்லு, புண்ணாக்குன்னு தின்ன மாடுங்க," என்றார் கலியமூர்த்தி.

"அதாங்க விஷயம். வெறும் வைக்கோல்ல காப்பர் பத்தாது. அது குறைஞ்சா கறுப்பு முடி இப்படித்தான் வெளுக்கும். பருவத்துக்கும் வராது."

தமிழரசியின் குரல் இறங்கியது. "ஆமாங்க, பருவத்துக்கே வரல."

தாது உப்புக் கலவை கொடுத்து, தினமும் எவ்வளவு எடுத்துத் தவிட்டில் கலக்க வேண்டும் என்று அளந்து காட்டினேன். பசுந்தீவனமும் போடச் சொன்னேன். "புது முடி வர மாசக்கணக்காகும். அதுக்காகக் கல்யாணத்த நிறுத்திடாதீங்க."

நிறுத்தவில்லை. சில மாதங்களில் பழைய முடி உதிர்ந்து கறுப்பு எட்டிப்பார்த்தது. பசு சினையும் பிடித்தது. தமிழரசி மருந்தகத்துக்கே வந்து எனக்கும் கம்பவுண்டருக்கும் வாயில் லட்டைத் திணித்துவிட்டுப் போனார்.

தலத்தெரு மண்டபத்தில் கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவும்போது கலியமூர்த்தி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். தலை முழுக்க நரை.

"டாக்டரம்மா, மாட்டுக்குக் குடுத்த அந்தப் பவுடரு மனுசங்களுக்கும் வேலை செய்யுமா?"

"ஏங்க கேக்குறீங்க?"

"கல்யாண போட்டோவுக்காக... ஒரு வாரமா மோருல கலந்து குடிக்கிறேன்."

அவரை உடனே மனிதர்களுக்கான டாக்டரிடம் அனுப்பினேன். ஒன்றும் ஆகவில்லை.

மாடு நிறம் மாறினால் விற்றவரைப் பார்க்காதீர்கள், தீவனத் தொட்டியைப் பாருங்கள். இது புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது. பவுடர் வாங்க வருபவர்களிடம் அளவைச் சொல்லிவிட்டு, வீட்டில் தலை நரைத்த பெரியவர்கள் யார் யார் இருக்கிறார்கள் என்றும் விசாரித்துக்கொள்கிறேன்.