நீலத் தார்பாயும் கண் எழுதாத பொம்மையும்

கல்யாணத்துக்குப் போகாத கேமரா

விருத்தாசலத்தில் நான் வேலை பார்க்கும் ஸ்டூடியோவில் கல்யாணத்துக்குப் போகும் கேமரா சாவு வீட்டுக்குப் போகாது. ஒருமுறை போனது தெரிந்தால் கல்யாண வீட்டுக்காரர்கள் அதை உள்ளேயே விடமாட்டார்கள். அதனால் முதலாளி பாபு சாவுக்கென்று ஒரு கேமராவைத் தனியாக வைத்திருக்கிறார். அதைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை.

கடைக்கு வெளியே போய் எடுக்கும் எதையும் எங்கள் தொழிலில் அவுட்டோர் என்று சொல்வோம். கல்யாணம், காதுகுத்து எல்லாம் அவுட்டோர். சாவும் அவுட்டோர்தான். கடையில் இருக்கிற வாலிபப் பிள்ளைகள் அதற்கு மட்டும் போக மாட்டார்கள். நான் அஞ்சாவதோடு நின்றவள். செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தேன். கை நடுங்க ஆரம்பித்ததும் அங்கே வேண்டாம் என்றார்கள். ஸ்டூடியோவில் போட்டோ வெட்ட வந்தேன். பிறகு இந்த வேலை என் தலையில் விழுந்தது. பிணம் அசையாது, கை லேசாக நடுங்கினாலும் சமாளித்துக்கொள்ளலாம். எனக்கு நாலு பேருக்கு முன்னால் பேச வராது. சாவு வீட்டில் போட்டோ எடுப்பவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவும் மாட்டார்கள். அந்த வகையில் ஒத்துப்போன வேலை.

போன கோடையில் பழைய கேமரா நின்றுவிட்டது. பாபு ஒரு புது டிஜிட்டல் கேமராவைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்தார்.

"கொளஞ்சிக்கா, இது ஒங்களுக்கு. பொட்டிகூட இன்னும் பிரிக்கல."

"எனக்கு எதுக்கு தம்பி புதுசு? அதையே ரிப்பேர் பண்ணிக் குடு."

"அதுக்கு இப்ப பார்ட்ஸே வரதில்லக்கா. நீங்க எடுக்கற மூஞ்சிங்க எல்லாம் கரியா வருதுன்னு வேற ஜனங்க சொல்றாங்க. இதுல நல்லாப் பழகிக்குங்க."

பொம்மையை வைத்துப் பழகியது

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பாபு படங்களைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். சூரியன் படம் போட்டிருந்தால் வெயிலுக்கு. மேகம், மந்தாரத்துக்கு. பல்பு, வீட்டுக்குள் எரியும் விளக்குக்கு. ஒரு வீடு, அதன் பக்கத்தில் சாய்வாகக் கோடுகள் என்றால் நிழலுக்கு. வெளிச்சத்துக்கு வெளிச்சம் நிறம் மாறும், நம் கண் அதைச் சரிசெய்துகொள்ளும், கேமராவுக்கு நாம்தான் சொல்ல வேண்டும் என்றார். இதற்கு ஒயிட் பேலன்ஸ் என்று பெயர்.

"எடுக்கறதுக்கு முன்னாடி வெள்ளையா எதையாவது ஒண்ண வச்சி ஒரு படம் எடுத்துப் பாருங்கக்கா. வெள்ளை வெள்ளையா வந்தா மத்த கலரும் சரியா வரும்."

வெள்ளைக்கு நான் வேறெங்கே போவேன்? பழைய கம்பெனி வாசலில் கழித்துப் போட்ட பொம்மை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். உட்கார்ந்திருக்கும் பெண் பொம்மை. வெள்ளை கிளேஸ் பூசிச் சுட்டிருந்தது. காது உடைந்ததால் கண் எழுதாமலே ஒதுக்கியிருந்தார்கள். கடைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் அதை உட்கார வைத்து எடுத்துப் பழகினேன். உச்சி வெயிலில் கண்குழி இரண்டும் கறுத்துப் போயிற்று. முதுகுக்குப் பின்னால் வெயில் வந்தால் முகமே தெரியவில்லை. அப்போது கேமராவில் வெளிச்ச அளவைக் கூட்டல் பக்கம் ஒரு படி தள்ளினால் முகம் தெளிந்து வந்தது. ஃபிளாஷ் போட்டால் நெற்றி பளபளத்தது. சாவு வீட்டில் குளிப்பாட்டி எண்ணெய் தடவிய முகமும் இப்படித்தான் பளபளக்கும். இனி ஃபிளாஷ் போடக் கூடாது என்று முடிவு செய்தேன். வெயிலில் கேமராவின் சின்னத் திரையை நம்பக் கூடாது, முந்தானையால் மறைத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டேன்.

சூரியன் படத்தை வைத்துக் காலை வெயிலில் எடுத்தால் பொம்மை அப்படியே வந்தது. எனக்கு நிறைவாக இருந்தது. அதை மாற்றாமல் அப்படியே விட்டேன்.

அஞ்சலை வீடு

கருவேப்பிலங்குறிச்சியில் அஞ்சலை என்று ஓர் அம்மா இறந்துபோனார். வருஷக்கணக்காக இருமலில் கிடந்தவர். புதுக் கேமராவுக்கு அதுதான் முதல் சாவு. கிளம்பும்போது பொம்மையைப் பையில் வைத்தேன். பிறகு வெளியே எடுத்துவிட்டேன். ஊரே அழுதுகொண்டிருக்கும் இடத்தில் ஒரு கிழவி வந்து பொம்மையை வைத்துப் போட்டோ எடுத்தால் என்ன நினைப்பார்கள்? கூச்சமாக இருந்தது.

அங்கே வாசலில் நெல் மூடும் நீலத் தார்பாயைக் கட்டியிருந்தார்கள். ஷாமியானா கிடைக்கவில்லையாம். அஞ்சலையம்மாவைக் குளிப்பாட்டி, கோடிப் புடவை கட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, தலை சாயாமல் வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். மகன் வேலு ஒரு பக்கம் நின்றான். சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்த மகள் கலா கால்மாட்டில் விழுந்து அழுதுகொண்டிருந்தாள். மருமகள் செல்வி சற்றுத் தள்ளி நின்றாள். அன்று காலை கடைசியாகக் கஞ்சி ஊற்றியது செல்விதான். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகாது என்று ஊருக்கே தெரியும்.

"தார்பாயை ஒரு ஓரமாக அவிழ்த்துவிடுங்கள்" என்று கேட்டிருக்க வேண்டும். அத்தனை பேருக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை. நிழலில் நின்று எடுத்தேன். அந்த நீலத்துக்கடியில் வெகுநேரம் நின்றதால் என் கண் பழகிவிட்டது. வெள்ளைத் துணி வெள்ளையாகத்தான் தெரிந்தது. திரையில் பார்த்த முகமும் சரியாகவே தெரிந்தது.

வேலு என்னிடம் வந்து கைகூப்பினான். "ஆயா, பேனர் அடிக்கணும். ஸ்டேட்டஸும் வைக்கணும். இப்பவே போனுக்கு அனுப்பிடறீங்களா?"

இந்தக் கேமராவில் அப்படி அனுப்பலாம். பாபு சொல்லிக்கொடுத்திருந்தார். அவர் சிதம்பரத்தில் கல்யாண அவுட்டோரில் இருந்தார். அவர் பார்த்துச் சரிசெய்த பிறகு கொடுப்பதுதான் வழக்கம். தாயைப் பறிகொடுத்தவன் கைகூப்பி நிற்கும்போது எப்படி மறுப்பது? அனுப்பிவிட்டேன்.

நீலம் பாரிச்சிருக்குது

அடக்கம் முடிந்த மறுநாள் கண்ணீர் அஞ்சலி பேனர் பஸ் நிறுத்தத்தில் நின்றது. அதில் அஞ்சலையம்மாவின் முகம் நீலமாக இருந்தது. உதடு கறுநீலம். விரல் நகங்களும் நீலம். பஸ்ஸுக்கு நின்ற யாரோ ஒருவர் சொன்னாராம், "இன்னாய்யா இது, நீலம் பாரிச்சிருக்குது?" அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அது விஷம் என்று ஆகிவிட்டது. கஞ்சி ஊற்றியது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

பாபு திரும்பி வந்ததும் கம்ப்யூட்டரில் கலரைச் சரிசெய்து, பிரேம் போட்டு அனுப்பினார். அதில் அஞ்சலையம்மா மாநிறமாக, தூங்குகிறவரைப்போல இருந்தார். அதோடு தீரும் என்று நினைத்தோம். கலா அந்தப் பிரேமைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள்.

"மொதல்ல ஒரு கலரு, அப்புறம் ஒரு கலரா? எவ்ளோ குடுத்தா அவ ஒங்களுக்கு?"

"அம்மா, அது தார்பாயோட கலருங்க. நெழல் விழுந்து அப்பிடி வந்திருக்குது" என்றார் பாபு.

"எங்க வூட்டுத் தார்பாய் எங்கம்மா ஒதட்டுல வந்து ஒட்டிக்கிச்சா?"

நான் உள்ளே போட்டோ வெட்டிக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து, "நீங்களும் பக்கத்துலயே இருந்தீங்களேம்மா. அன்னைக்கு மொகம் நீலமாவா தெரிஞ்சிது?" என்று கேட்டேன்.

"நான் அழுதுகிட்டு கெடந்தேன். என் கண்ணுக்கு இன்னா தெரியும்? கேமராவுக்குத் தெரிஞ்சிருக்குதே. அது இன்னா அழுவுதா?"

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன், குழியைத் தோண்டச் சொல்வேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கே செல்வியின் துணிமணிகளை வாசலில் எறிந்துவிட்டார்கள். வேலு தடுக்கவில்லை. அவள் நல்லூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

நாற்காலி

மறுநாள் பொம்மையையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு கருவேப்பிலங்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். பாபு தடுத்தார். "அடிச்சிப்புடுவாங்கக்கா. நான் வக்கீல வச்சிப் பேசிக்கிறேன்" என்றார். நான் நிற்கவில்லை.

தார்பாய் கொல்லையில் விறகின்மேல் கிடந்தது. "அன்னைக்குக் கட்டுன மாதிரியே கட்டு தம்பி" என்று வேலுவிடம் கேட்டேன். என்ன நினைத்தானோ, கட்டினான். அதே நாற்காலியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நிமிர்த்திப் போட்டு அதில் பொம்மையை உட்கார வைத்தேன். அன்று வைத்திருந்த அதே சூரியன் படத்தை வைத்து எடுத்தேன். கூட்டம் கூடிவிட்டது. திரையைக் காட்டினேன். வெள்ளைப் பொம்மை நீலமாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "அடேங்கப்பா, பொம்மைக்கும் வெஷம் வச்சிட்டாளா செல்வி?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். கலா சிரிக்கவில்லை.

"பொம்ம வெள்ளையா இருக்குது, எது பட்டாலும் ஒட்டிக்கும். எங்கம்மா இன்னா பொம்மையா? மனுஷி."

பொம்மையை எடுத்துவிட்டு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். கூட்டத்தில் ஒரு பெண் "ஐயோ" என்றாள். பிணம் உட்கார்ந்த நாற்காலியில் கருமாதி முடியும் முன் யாரும் உட்கார மாட்டார்கள்.

"எந்திரிங்க ஆயா" என்றாள் கலா. அவள் குரலே மாறிவிட்டது. "அதுல ஒக்காராதீங்க."

"நானும் மனுஷிதாம்மா. இந்தா, இத அழுத்து."

கேமராவை அவள் கையில் கொடுத்தேன். அவள் அழுத்தினாள். பிறகு நான் எழுந்து தார்பாயை விட்டு வெயிலுக்கு வந்து நின்றேன். "இப்பவும் எடு." அதையும் எடுத்தாள். பொத்தானை அழுத்தி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். தார்பாய்க்கடியில் எடுத்ததில் என் உதடும் நகமும் அஞ்சலையம்மாவுடையதைப்போலவே நீலமாக இருந்தன. அதற்குமுன் என்னை யாரும் அவுட்டோரில் எடுத்ததில்லை.

கலா கேமராவை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஸ்டேஷனுக்குப் போகவில்லை. பேனரை வேலுவே போய்க் கிழித்தான்.

அந்த அம்மா எதனால் இறந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்லை. அந்த நீலம் தார்பாயுடையது என்பதை மட்டும்தான் என்னால் காட்ட முடிந்தது.

வேலு நல்லூருக்குப் போய்க் கூப்பிட்டிருக்கிறான். செல்வி வரவில்லை. "போட்டோவப் பாத்துத் தொரத்துனீங்க. இப்ப போட்டோவப் பாத்துக் கூப்புடறீங்க. நடுவுல நான் எங்க இருக்கறன்?" என்று கேட்டாளாம்.

வெயிலில் எடுத்தது

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். நீலம், பச்சை, சிவப்பு எந்தத் துணியானாலும் அதற்கடியில் எடுக்காதீர்கள். அவிழ்க்கச் சொல்லிக் கேளுங்கள். அழுகிறவர்கள் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். எடுத்ததை வெளியே கொண்டுபோய்க் கண்ணைக் கொஞ்சம் ஆறவிட்டுப் பாருங்கள். சரிபார்க்காமல் யார் போனுக்கும் அனுப்பாதீர்கள். வெள்ளையை வைத்து முதல் படம் எடுங்கள். இப்போது எந்தச் சாவுக்குப் போனாலும் என் பையில் பொம்மை இருக்கிறது. சிரிக்கிறார்கள், திட்டுகிறார்கள். எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆறேழு மாதம் கழித்துச் செல்வி கடைக்கு வந்தாள். செராமிக் கம்பெனியில் மண் அள்ளும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அடையாள அட்டைக்குப் போட்டோ வேண்டும். அன்று கடையில் நான் மட்டும் இருந்தேன். என்னை அடையாளம் தெரிந்ததா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. உள்ளே படுதாவுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டேன்.

"உள்ள வேணாம் ஆயா. வெயில்ல எடுங்க."

"வெயில்ல கண்ணு கூசும்மா. சுருக்கிட்டுத்தான் வரும்."

"சுருங்குனா சுருங்கட்டும்."

கல்யாணக் கேமரா உள்ளே பூட்டியிருந்தது. என்னிடம் இருந்தது சாவுக் கேமராதான். சொன்னேன். பரவாயில்லை என்றாள். கடைக்குப் பின்னால் சுவரோரம் நிற்க வைத்து, பழக்கதோஷத்தில் பையிலிருந்து பொம்மையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"இது எதுக்கு?"

"கலரு சரியா வரதுக்கும்மா. மொதல் படம் இதோட. அடுத்த படம் நீ மட்டும்."

பொம்மையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண் எழுதாத அதன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"இத அன்னைக்கே எடுத்துகினு வந்திருக்கலாம்ல ஆயா?"

முந்தானையால் திரையை மறைத்துக்கொண்டேன்.

"நேராப் பாரும்மா" என்றேன்.