கால்வாய்ப் பாலத்தில் ஒரு மலைச்சரிவு

இந்த நாட்டில் கையிலிருந்து ஓர் ஆரஞ்சு நழுவினால், விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. நெதர்லாந்துக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. தரை அவ்வளவு மட்டம். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்குக் கொடுத்த லைன் வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த வாசலில் ஓர் எலுமிச்சம்பழம் விழுந்தால் ஓடைக்கரையில் போய்த்தான் பொறுக்க வேண்டும். சில மாதங்களுக்கு முன், ஊன்றுகோலோடு கடையிலிருந்து வரும்போது பையிலிருந்து ஆரஞ்சு விழுந்தது. ஓர் எட்டில் கிடந்தது, குனிய முடியவில்லை. சைக்கிளில் போன ஒருவர் நின்று, உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவரும் நம்பிப் போய்விட்டார். நம்மூரில் வேண்டாம் என்று சொன்னால் யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்? பழத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். ஒற்றை ஆரஞ்சுக்கு அழுகிறாயே, வெட்கமாக இல்லையா என்று என்னை நானே ஏசிக்கொண்டேன். ஏசுவதற்கும் வீட்டில் வேறு ஆள் இல்லை.

வலது கணுக்கால் மூட்டை எடுத்துவிட்டு, உலோகமும் பிளாஸ்டிக்குமாகப் புதிது வைத்திருக்கிறார்கள். பழையது கெட்டது பதினேழு வயதில். என் அக்கா ஞானத்தோடு, மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்குப் போன இடத்தில், ரப்பர் பால் வாளியோடு மழைச்சரிவில் சறுக்கினேன். கொட்டிய பாலை அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு தார்ரோடு வரை இறங்கினாள். எலும்பு ஏதோ ஒரு மாதிரி கூடியது. அந்தக் காலோடுதான் நர்ஸிங் படித்தேன், அந்தக் காலோடுதான் இங்கே முதியோர் இல்லத்தில் இத்தனை வருஷம் நின்றேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில் என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன்! சொல்வதற்கு என்ன, வலி அவர்களுடையது.

பயிற்சி கொடுக்கும் ஃபிசியோ பெண்ணின் பெயர் மரைக்கே. முதல் நாளே ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, கால் சரியானதும் என்ன செய்ய ஆசை என்று கேட்டாள். தோட்டவேலை, நாயோடு நடை என்று எழுதுவார்களாம். மலைச்சரிவில் ஏறி இறங்க வேண்டும் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இந்த மூட்டோடு பனிச்சறுக்கு கூடவே கூடாது என்றாள் கண்டிப்பாக. சிரித்துக்கொண்டே போனில், சரிவில் நிற்கும் எங்கள் லைன் வீட்டின் படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்து, விடுமுறைக்கு எடுத்த வீடா என்று கேட்டாள். இல்லை, அக்கா இன்றும் அங்கிருந்துதான் பால்வெட்டுக்குப் போகிறாள். இந்த வருஷம் ஓய்வு பெறுகிறாள். பெற்றதும் வீட்டைத் தோட்டத்துக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் ஒரு முறையாவது பஸ் நிற்கும் இடத்திலிருந்து என் காலால் ஏறி அந்த வாசலில் நிற்க வேண்டும் என்று விளக்கினேன். மரைக்கே எல்லாவற்றையும் நிதானமாக எழுதினாள். பிறகு, இந்த ஊரில் சரிவே கிடையாது, கால்வாய்ப் பாலம் ஒன்றுதான் இருக்கிறது என்றாள்.

காலையில், அக்கா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய தோர்த்துத் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுப்பேன். பிறகு கால் பெருவிரலால் காற்றில் எழுத்து எழுத வேண்டும். ஆங்கில எழுத்தைவிட நம்முடைய ழ கணுக்காலை நன்றாகச் சுற்ற வைக்கும். அப்புறம் பாலம். ஏறுவது, இறங்குவது, திரும்ப ஏறுவது. நாயோடு வரும் ஒரு பெரியவர், எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அக்கா வீடியோவில் வருவாள். பாலத்தைக் காட்டினால், ஏட்டி, இதுக்கா மேடுன்னு பேரு என்று கேலி செய்வாள். ஒரு நாள் இறங்கும்போது என்னை மீறி முனகிவிட்டேன். அன்றைக்கு அவள் கேலி செய்யவில்லை.

போன ஞாயிறு, ஊன்றுகோல் இல்லாமல் இருபது முறை ஏறி இறங்கிவிட்டேன், டிக்கெட்டும் போட்டாயிற்று என்று துள்ளிக்கொண்டு சொன்னேன். அக்கா போனைத் திருப்பிக் காட்டினாள். டைல்ஸ் போட்ட தரை. ஜன்னலுக்கு வெளியே டவுன் பஸ்ஸின் ஹாரன்.

“நாகர்கோவில்ல வீடு பாத்து வந்துட்டேன் மக்கா. லைன் வீட்ட போன வாரமே ஒப்படைச்சாச்சு.”

“ஓய்வுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கே அக்கா?”

“அது கெடக்கட்டு. வேலைக்கு நான் பஸ்ல போயிக்கிடுவேன். நீ முனகுனத கேட்டேன்லா? இனி நீ ஏறண்டாம். இங்கன ஒரு படிகூட கெடையாது, கேட்டியா.”

சந்தோஷம் அக்கா என்றேன். வேறு என்ன சொல்ல? இரண்டாவது தடவையும் என்னைச் சுமந்து கீழே கொண்டுவந்து விட்டாள். போனை வைத்த பிறகு, இனி ஏற முடியாத அந்த வீட்டின் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.

மறுநாள் கடைக்குப் போய்விட்டு வரும் வழியில், பழக்கதோஷத்தில் பாலத்தில் ஏறினேன். உச்சியில் நின்று, பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்துக் கீழே விட்டேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு முதன்முறையாக ஒரு பழம் உருண்டது. என் வீடு இருக்கும் பக்கமாக இல்லை, எதிர்க்கரைப் பக்கமாக. புதுக்காலை முதலில் வைத்து அதன் பின்னால் இறங்கினேன்.