புழுக்கைப் பொட்டலங்களோடு குந்தாரப்பள்ளிக்கு

கடந்த வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றே முக்காலுக்கு உறுதியான தகவல் இது: என்னுடைய எட்டுச் செம்மறிகளில் ஏழின் புழுக்கையில் உருளைப்புழு முட்டைகள் ஏராளம். தட்டைப்புழு முட்டை ஒன்றில்கூட இல்லை. ஆதாரம், குந்தாரப்பள்ளிப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் டாக்டரம்மா கையெழுத்திட்டுக் கொடுத்த சீட்டு.

நான் மருந்து கொடுத்திருந்தது தட்டைப்புழுவுக்கு.

இதற்குக் காரணம் என் சகலை முனிராஜ், மனைவியின் தங்கை கணவர். ஓசூரில் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, குந்தாரப்பள்ளி அருகே இருபத்திரண்டு செம்மறி வளர்க்கிறார். நான் செய்தியாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் தளிக்குப் பக்கத்தில் ஒன்பது வாங்கினேன். இரண்டு மாதத்துக்கு முன் அவர் மகளின் காதுகுத்துக்குப் போனபோது பட்டியைப் பார்த்தேன். ஒவ்வொரு ஆடும் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. அதன்பின் பந்தியில் கறி இறங்கவில்லை.

பட்டிக் கூரையில் ஒரு மருந்து பாட்டில் செருகியிருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். பிறரைக் கேட்டுக் கேட்டே முப்பது வருடம் பிழைத்தவன்தான். ஆனால் சகலையைக் கேட்க வாய் வரவில்லை.

ஓசூர் மருந்துக் கடையில் படத்தைக் காட்டி ஆக்சிக்ளோசனைடு என்ற அதே தட்டைப்புழு மருந்தை வாங்கி, ஒன்பதுக்கும் மூடியால் அளந்து ஊற்றினேன். மூன்று வாரத்தில் ஒன்று செத்தது. நிறைசினையான செவலை ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே நீர்ப்பைபோல் வீங்கித் தொங்கியது. மனைவி தங்கைக்குப் போன் போட்டாள். அங்கிருந்து வந்த உத்தரவு: வெறுங்கையோடு வர வேண்டாம், ஆட்டுக்கு ஒரு பொட்டலமாகப் புதுப் புழுக்கை கொண்டு வரவும்.

காலை ஆறு பத்துக்குத் தளியில் பஸ் ஏறினேன். ஓசூருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். மடியில் இருந்த பையைப் பார்த்து கண்டக்டர் பாதிக் கன்னடத்தில், "ஏனு சார் இது, பூவா?" என்றார். சொன்னேன். "அய்யோ, ஜன்னல் பக்கம் வெச்சுக்குங்க சார்" என்று நகர்ந்துவிட்டார்.

ஓசூரில் ஏழரைக்குக் கிருஷ்ணகிரி பஸ். குந்தாரப்பள்ளிக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர். நாற்பத்தைந்து ரூபாய் டிக்கெட். எட்டே முக்காலுக்கு இறங்கினேன். வெள்ளிக்கிழமை சந்தை நாள் என்பதால் வண்டிகள் நெடுஞ்சாலை வரை நின்றன. சந்தையில் இருந்த ஆடுகள் எல்லாமே என் ஆடுகளைவிட நன்றாக இருந்ததாகத் தோன்றியது. அது உண்மையா என்று சரிபார்க்கவில்லை.

முனிராஜ் சந்தை வாசலில் நின்றிருந்தார். போனில் படத்தை நானே எடுத்துக் காட்டிவிட்டேன்.

"அட சகல! பேப்பர்காரருக்கு வாய் எதுக்கு இருக்குது? ஒரு வார்த்த கேட்டா சொல்லமாட்டனா?"

"நீ சும்மாவே பேசுவ. கேட்டா இன்னும் பேசுவ."

"பேசத்தான் செய்வேன். ஆனா ஆடு பொழச்சிருக்குமே."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

பட்டிக்குப் போனதும் ஓர் ஆட்டின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். ரத்தச் சிவப்பு. "நான் மேய்க்கறது ஏரிக்கரையில. அங்க நத்த கெடக்குது, அதனால தட்டப்புழு. பரிசோதன பண்ணித்தான் அந்த மருந்து. உங்க மேட்டுல ஏரி எங்க இருக்குது, நத்த எங்க இருக்குது?" இல்லை. அன்று மாலை வீடு திரும்பிப் பார்த்தபோது என் செவலையின் இமை காகிதம்போல் வெளுத்திருந்தது. உருளைப்புழு ரத்தம் குடித்திருக்கிறது.

மருந்தகத்தில் டாக்டரம்மா எட்டுப் பொட்டலத்தையும் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "மூடியால ஊத்தினீங்களா?" என்று. "எடை பாக்காம ஊத்தினா எந்த மருந்தும் ஒழுங்கா வேலை செய்யாதுங்க. கொறச்சு ஊத்தினா புழு மருந்துக்குப் பழகிடும்." சினையாடு இருப்பதைச் சொன்னதும் யோசித்து உருளைப்புழுவுக்கான ஃபென்பெண்டசோல் எழுதினார். எல்லாப் புழு மருந்தும் சினையாட்டுக்கு ஆகாதாம். செவலைக்கு மட்டும் தனியாகச் சத்து மருந்தும் உண்டு.

கிளம்பும்போது முனிராஜ் தன் தொங்கு தராசையும் சாக்குத் தூளியையும் கையில் திணித்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். சனிக்கிழமை காலை ஒவ்வோர் ஆடாகத் தூக்கி எடை பார்த்து, சீட்டில் உள்ளபடி ஊற்றினேன். நான் இருபது கிலோ என்று நினைத்திருந்த கிடா இருபத்தெட்டு இருந்தது.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: புழுக்கையைக் காலையில் எடுங்கள், தரையில் கிடப்பது வேண்டாம், ஆடு போட்டவுடன் எடுத்ததே நல்லது. கவரில் காற்று இல்லாமல் கட்டி, வெயில் படாமல் பகலுக்குள் சேர்த்துவிடுங்கள். சந்தையில் ஆடு வாங்கினால் முதுகைத் தடவுவதற்கு முன் இமையைப் பாருங்கள். வாங்கியதை உடனே பழைய ஆடுகளோடு விடவேண்டாம். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் கறிக்கு விற்கக்கூடாது என்பது லேபிளில் இருக்கும். அடுத்தவர் பாட்டிலைப் படம் எடுக்காதீர்கள்.

இதை எழுதும் ஞாயிறு மாலை வரை செவலையின் வீக்கம் வற்றவில்லை. ஆனால் இன்று தழை கடித்தாள். குட்டி ஈன இன்னும் பத்து நாள் இருக்கலாம். மருந்து வேலை செய்ததா என்று அறிய, ஊற்றிய பதினான்காம் நாள், அதாவது அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, மறுபடியும் எட்டுப் பொட்டலம் போகிறது. அன்றைக்கே முனிராஜ் தன் ஆடுகளின் புழுக்கையையும் கொடுக்கிறார். இரண்டு சீட்டும் பகலுக்குள் கிடைத்துவிடும். அவருடைய சீட்டுக்கும் காத்திருக்கிறேன். அதில் என்ன இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன் என்பதை மனைவியிடம் சொல்லவில்லை.