ஓநாய் என்று நான் சொன்னேன்

அது நாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே ஓநாய் என்று சொன்னேன்.

இதைவிடச் சுருக்கமாக என் குற்றத்தை உங்களிடம் சொல்ல முடியாது. இருட்டு, தூரம், பழக்கமில்லாத கருவி... இவற்றில் எதையும் காரணமாகக் காட்டப்போவதில்லை. இத்தனை காலம் அவற்றைத்தான் காட்டிவந்தேன். எல்லோரும் நம்பினார்கள். அந்த நாயை வளர்த்தவனும் நம்பினான்.

ராஸ் அல் கைமாவில், கல் குவாரிகளைத் தாண்டி, மலையடிவாரத்தில் இருந்த ஓர் ஆட்டுப் பண்ணையில் நான் ஸ்டோர் பார்த்துவந்தேன். தீவனம், மருந்து, டீசல் எல்லாம் என் பொறுப்பு. பார்லி மூட்டைகளின் தையல் வாய்கள் அத்தனையும் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும் எனக்கு. ஒன்று திரும்பியிருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. சிரிக்காதீர்கள். இந்தக் குணம்தான் பின்னால் என்னை... வருகிறேன், அதற்கும் வருகிறேன்.

ஆடு மேய்த்தவன் செல்வராசு. இராமநாதபுரம் பக்கம். முப்பது வயதுக்குள் இருக்கும். அந்தப் பண்ணையில் தமிழ் பேசியவர்கள் நாங்கள் இருவர்தான். அதனாலேயே அவன் என்னிடம் எதையும் மறைத்ததில்லை.

பண்ணைக்குள் நாய் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு. அர்பாப் என்றுதான் அவரை அழைப்போம். செல்வராசுவோ, உடைந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பெட்டை நாயை வளர்த்தான். எங்கிருந்தோ தானாக வந்து சேர்ந்தது.

"பேரு என்ன வெச்சிருக்க?" என்று கேட்டேன்.

"விசா, அண்ணே."

"இது என்னப்பா பேரு?"

"அது இல்லாமத்தான வந்திருக்கு. பேருலயாச்சும் இருக்கட்டுமே!"

சிரித்துவிட்டேன். சிரித்ததற்காகப் பிறகு என்னையே கடிந்துகொண்டேன். கண்டிப்பு என்றால் கண்டிப்புதானே? தெரிந்த பிறகும் சும்மா இருந்தால் நானும் உடந்தைதானே?

"அர்பாப் பாத்தா உன்னையும் அனுப்பிருவாரு, என்னையும் கேப்பாரு. எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வா" என்றேன்.

"அவருக்கு அத்தன ஆடு, எனக்கு ஒத்த நாயி. இதுகூட உங்க கண்ண உறுத்துதாண்ணே?"

உறுத்தியது! அதுதான் உண்மை. அந்தத் தொட்டியைக் கடக்கும்போதெல்லாம், வரிசையில் திரும்பிக் கிடக்கும் மூட்டையைப் பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு. பலமுறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டான்.

குளிர்காலம் வந்தது. மலைக்காற்று அங்கே எலும்பைத் தொடும். செல்வராசு ஸ்டோருக்கு வந்து ஒரு காலிச் சாக்கு கேட்டான். கொடுத்தேன். கோணி ஊசியால் அதை விசாவுக்குச் சட்டையாகத் தைத்துப் போட்டான். கழுத்திலிருந்து இடுப்புவரை சாக்கு... தலையும் கால்களும் வாலும் மட்டும் வெளியே. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைபோல் அது நடந்து காட்டியது.

அந்தக் குளிரில்தான் ஆட்டுக்குட்டிகள் காணாமல் போகத் தொடங்கின. ஓநாய் மலையிலிருந்து இறங்கியிருக்கிறது என்றார் அர்பாப். அவருடைய மகன், நாங்கள் சின்ன அர்பாப் என்பவர், எங்கிருந்தோ ஒரு கருவியை வரவழைத்தார். துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கி. தெர்மல் ஸ்கோப் என்றார்கள். வெளிச்சமே தேவையில்லை. உடம்பின் சூட்டை அது படமாக்கிக் காட்டும். சூடானது வெள்ளை, குளிர்ந்தது கறுப்பு.

கூடவே ஆங்கிலத்தில் ஒரு விளக்கப் புத்தகம் வந்தது. சின்ன அர்பாப்புக்கு அதைப் படிக்கப் பொறுமையில்லை. நான் படித்தேன், உத்தரவாத நிபந்தனைகள் உட்பட. அப்படித்தான் அந்தக் கருவியில் பார்க்கும் வேலை என்னுடையதாயிற்று. பொழுது சாய்ந்ததும் பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் துப்பாக்கியை நிறுத்துவோம். நான் பார்த்து, இன்னது என்று சொல்ல வேண்டும். உடனே அவர் என்னை விலக்கிவிட்டுச் சுட வேண்டும்.

முதலில் எல்லாமே எனக்கு வெள்ளையாகத் தெரிந்தது. பகலெல்லாம் வெயில் குடித்த பாறைகள்கூட மிருகங்கள்போல் ஒளிர்ந்தன. பாறை ஆறும்வரை காத்திருக்க வேண்டும் என்று நான் சொன்னால் சின்ன அர்பாப் கேட்க மாட்டார்.

"முதீர், உனக்குக் கண் மாஃபி!" என்பார். முதீர் என்றால் மேலாளர். என்னை அப்படி அழைத்தது கேலிக்கு. கண்ணே இல்லையாம் எனக்கு! வண்டியில் உடன் இருந்த அவருடைய நண்பர்கள் தொடையில் தட்டிச் சிரிப்பார்கள்.

ஆனால் நான் கற்றுக்கொண்டேன். கழுதை எப்படித் தெரியும், நரி எப்படித் தெரியும், எல்லாம். நரியின் வால் தரையைத் தடவுவதுபோல் நீளும். நாயின் வால் மேலே சுருண்டு நிற்கும். ஓநாயை நான் பார்த்ததே இல்லை. ஆனால் நாயைப் பார்த்தால் நாய் என்று சொல்ல எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

அன்று மாலை, தொழுகை முடிந்து சின்ன அர்பாப்பும் நண்பர்களும் வந்திருந்தார்கள். ஆடுகளைப் பட்டியில் அடைத்தாகிவிட்டது. நான் கண்ணை வைத்துச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். தண்ணீர்த் தொட்டியின் பின்னாலிருந்து ஒன்று வெளிவந்து ஓடைப் பள்ளத்தில் இறங்கியது.

வெள்ளைத் தலை. வெள்ளைக் கால்கள். மேலே சுருண்ட வெள்ளை வால். நடுவில் மட்டும் உடம்பு மங்கிய சாம்பலாக இருந்தது, யாரோ அழிப்பானால் தேய்த்ததுபோல... சாக்கு! உலகத்தில் எந்த ஓநாய்க்கும் யாரும் சட்டை தைத்துப் போடுவதில்லை.

"ஷூ ஹாதா? க்யா ஹை? போலோ!" சின்ன அர்பாப் என் தோளைப் பிடித்து உலுக்கினார். என்ன அது, சொல் என்று.

"தீப்" என்றேன்.

ஓநாய்க்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல். ஒரே ஒரு சொல்! நாய் என்றிருந்தால் ஒரு சலிப்போடு முடிந்திருக்கும். ஒன்றுமில்லை என்றிருந்தால் இன்னொரு கேலியோடு முடிந்திருக்கும். அவர் என்னைத் தள்ளிவிட்டுக் கண்ணை வைத்தார். உருவங்களைப் பிரித்துப் பார்க்க அவர் கற்றிருக்கவில்லை. வெள்ளை அசைந்தது, சுட்டார்.

டார்ச்சோடு இறங்கினோம். வெடிச்சத்தம் கேட்டுப் பட்டியிலிருந்து செல்வராசுவும் ஓடி வந்தான். வெளிச்சம் முதலில் சாக்கின் மேல் விழுந்தது. சின்ன அர்பாப் ஒரு கணம் திகைத்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"முதீர், உன் ஓநாய் சட்டை போட்டிருக்கிறதே!"

பிறகு சிரிப்பு நின்றது. "இது யாருடையது?"

செல்வராசு என்னைப் பார்க்கவில்லை. நாயையும் பார்க்கவில்லை. "மாலும் நஹி, அர்பாப்" என்றான். தெரியாதாம்.

ஓநாயைக் கொன்றால் அதை மரத்தில் தொங்கவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். மற்றவை பார்த்துப் பயந்து விலகும் என்பார்கள். நாயாக இருந்தால் என்ன, நாய்களும் ஆட்டுக்குட்டியைத் தின்னும்தான் என்றார் சின்ன அர்பாப். கலாஸ், பேச்சு முடிந்தது. செல்வராசுவைப் பார்த்து மரத்தைக் காட்டினார்.

அவன் குனிந்து சாக்கின் தையலைப் பல்லால் கடித்து அறுத்தான். உருவி எடுத்து, நாலாக மடித்தான். என்னிடம் நீட்டினான்.

"ஸ்டோர் சாக்குண்ணே" என்றான்.

வாங்கிக்கொண்டேன். அது வெதுவெதுப்பாக இருந்தது.

பிறகு கயிற்றை எடுத்துப் போய், தன் நாயைத் தானே மரத்தில் கட்டினான். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினான். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்பீர்கள்... ஏன்? நானும் என்னைக் கேட்காத நாளில்லை. கேலிக்குப் பயந்து சொன்னேன் என்று சில காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். வேலை போய்விடும் என்று பயந்ததாக வேறு சில காலம். இரண்டும் பொய். அந்த ஒரு கணத்தில் என் மனத்தில் ஓடியது பயம் அல்ல, நிம்மதி! ஒழிந்தது, இனி தொட்டிப் பக்கம் சரியாக இருக்கும் என்ற நிம்மதி. வரிசையில் திரும்பிக் கிடந்த மூட்டையை யாரோ ஒருவர் எனக்காகத் திருப்பி வைத்துவிடப் போகிறார்... அவ்வளவுதான். ஓர் உயிரை எடுக்க இது போதுமானதாக இருந்தது. எனக்கு!

மறுநாள் செல்வராசு என் அறைக்கு வந்தான். திட்டுவான், சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். அவன் வாசலிலேயே உட்கார்ந்தான். நான் அழுதுகொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டான்.

"நீங்க எதுக்குண்ணே அழுகுறீங்க? மிசினு காட்டுனதச் சொன்னீங்க. உங்க மேல என்ன தப்பு? நாந்தான் அத நேரத்தோட கட்டிப் போட்டிருக்கணும்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது... அவனுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

அதன் பிறகு அவன் என்னிடம் முன்னைவிட ஒட்டிக்கொண்டான். ஊரிலிருந்து கருவாடு வந்தால் முதல் பங்கு எனக்கு. தன் நாய்க்காக அழுத ஒரே மனிதன் நான் என்று வெளியாட்களிடம் சொல்வானாம். அந்தக் கருவாட்டை நான் தின்றேன். எப்படித் தின்றேன்? தின்றேன்.

ஒப்பந்தம் முடிந்து அவனுக்கு எல்லைக்கு அப்பால், அடுத்த நாட்டில், சலாலாவில் வேலை கிடைத்தது. விடைபெற ஸ்டோருக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆடு, ஒட்டகம் ரெண்டும் இருக்காம்ணே. அங்க நாயி வெச்சுக்கலாமாம்! மொதலாளியே வெச்சுக்கன்னுட்டாரு."

"நல்லது செல்வராசு" என்றேன்.

"ஆனா மலைல நெசமாவே ஓநாய் இருக்காம். அதே மிசின் அங்கயும் வந்திருச்சு. என்னையத்தான் பாக்கச் சொல்லுவாங்க போல." ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தான். "அதான் உங்ககிட்ட கேட்டுக்கிட்டுப் போகலாம்னு வந்தேன். நாயையும் ஓநாயையும் அதுல எப்படிண்ணே பிரிச்சுப் பாக்குறது? ஏதாவது அடையாளம் இருக்கா?"

வால். ஒரு சொல்தான். வால் சுருண்டு நின்றால் நாய், சுடாதே. அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் அடுத்து அவன் என்ன கேட்பான் என்பது உங்களுக்கும் தெரியும். 'அப்ப அன்னிக்கி?' என்பான். அந்தச் சிரிப்பு அவன் முகத்திலிருந்து இறங்குவதை நான் நின்று பார்க்க வேண்டியிருக்கும்.

"அதுல வித்தியாசம் தெரியாது, செல்வராசு" என்றேன். "ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

"நானும் அப்பிடித்தாண்ணே நெனச்சேன். உங்க கண்ணுக்கே தப்புச்சுன்னா, நாங்கள்லாம் எம்மாத்திரம்!"

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

இப்போது அவன் சலாலாவில் இருக்கிறான். நாய் ஒன்று வளர்ப்பதாக ஃபோனில் சொன்னான். ராத்திரியெல்லாம் பட்டியைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்குமாம், ஓர் இடத்தில் நிற்காதாம். அவனுக்கு அதில் அத்தனை பெருமை!

ஒரு மாலை யாரோ அவன் தோளை உலுக்கி, அது என்ன, சொல் என்பார்கள். சுருண்ட வெள்ளை வால் அவன் கண்ணெதிரே தெரியும். அதற்கு என்ன பொருள் என்று அவனுக்குத் தெரியாது. நான்தான் அவனுக்குத் தெரியவிடாமல் செய்துவிட்டேனே...

அவனுடைய எண் என்னிடம் இருக்கிறது. இதை எழுதும்போதும் ஃபோன் பக்கத்தில்தான் கிடக்கிறது. எடுக்கிறேன், வைக்கிறேன். ஒரு சொல்தானே... எடுக்கிறேன், வைக்கிறேன்.