அந்தப் பக்கத்தை அவளுக்குக் கொடுத்தவள் நான்

போலீசிடம் நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் நான் தப்பினேன். என் மாணவி ஒருத்தி மாட்டிக்கொண்டாள்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தவக்காலம் வந்தால் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். "பொய் சொன்னேன், சாமி" என்கிறேன். எந்தப் பொய், யாரைப் பற்றி என்று அவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... உங்களுக்கு என்னைத் தெரியாது என்கிற ஒரே தைரியத்தில்.

புத்தூரில் குடியிருக்கிறேன். பெண்கள் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் நடத்துகிறேன். என் வகுப்பில் தர்ஷினி என்று ஒரு பெண் படித்தாள். திருச்சியை ஒட்டிய இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போவார். வீட்டில் அவர்கள் பேச்சு வேறு. எங்களிடம் அசல் திருச்சிப் பேச்சுதான் பேசுவாள். பாஸ்போர்ட் இல்லை, ஓட்டு இல்லை. எந்த நாடும் அவளைத் தன்னுடையவள் என்று சொல்லவில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வாசகர் மன்றத்தின் ஆண்டு விழா. மாணவிகளை வைத்து ஒரு பட்டிமன்றம், நடுவர் நான். தலைப்பையும் நானே கொடுத்தேன்: 'விடுதலை கேட்கும் நாடு முதலில் விடை காண வேண்டியது அரசியல் கேள்விகளுக்கா, பொருளாதாரக் கேள்விகளுக்கா?' தலைப்பில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. அந்தச் சாமர்த்தியத்தை எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

எங்கள் பட்டிமன்றங்களில் ஒரு வழக்கம் உண்டு. யார் எந்தப் பக்கம் என்று சீட்டு குலுக்கிப் போடுவோம். விழுந்த பக்கத்தை உயிரைக் கொடுத்துப் பேச வேண்டும். அடுத்த மேடையில் எதிர்ப் பக்கம் விழுந்தால் அதையும் அதே ஆவேசத்தோடு பேச வேண்டும். பேசுகிறவளின் சொந்தக் கருத்து அது என்று மேடையை அறிந்தவர்கள் யாரும் நினைக்க மாட்டார்கள். தர்ஷினிக்கு விழுந்தது பொருளாதாரம். ஜெனிஃபர் என்கிற இன்னொரு பெண்ணுக்கு அரசியல்.

ஜெனிஃபரின் குரல் முன்வரிசையைத் தாண்டாது. தர்ஷினி வாயைத் திறந்தால் கடைசி நாற்காலிக்காரரும் நிமிர்ந்து உட்காருவார். எனக்கோ கைதட்டல் ஆசை! இருவரின் சீட்டையும் மாற்றிவிட்டேன்.

"மிஸ், நான் பொருளாதாரமே பேசுறேன் மிஸ். இந்த மாதிரி விஷயம் மேடையில பேசுனா அப்பா பயப்படுவார்."

"அடியே, இது பட்டிமன்றம்டி! யாரு வந்து கேக்கப் போறா? கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

பதில் சொல்லிக்கிறேன் என்றேன். இதே வாயால்தான் சொன்னேன்!

அன்று ஜெனிஃபர் அவளால் முடிந்தவரை நன்றாகவே பேசினாள். புது நாடு எந்தப் பணத்தை அச்சடிக்கும்? பழைய நாட்டின் கடனில் பாதியை யார் சுமப்பது? துறைமுகம் யாருக்கு? நேற்றுவரை அடுத்த ஊராக இருந்த இடத்திலிருந்து வரும் அரிசிக்கு இன்று சுங்கவரி கட்ட வேண்டுமா? எல்லாம் நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவை.

பிறகு தர்ஷினி எழுந்தாள்.

"தனி நாடு கேக்குறவங்ககிட்ட மட்டும் 'எதைச் சாப்பிடுவீங்க'ன்னு கேக்குறாங்க, நடுவர் அவர்களே. ஏற்கெனவே நாடு வச்சிருக்கவங்க கடன்ல மூழ்குனாகூட, நீங்க நாடா இருக்கலாமான்னு யாரும் கேக்குறதில்லையே!" என்றாள். அரங்கமே அதிர்ந்தது. கைதட்டல் அடங்கும்வரை நின்றுவிட்டு, அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சரி, அப்படி ஒரு நாடு பொறக்குதுன்னு வச்சுக்கோங்க. கடல் தாண்டி வந்தவங்களோட பிள்ளைங்களை அது தன்னோட ஆளுங்கன்னு சேத்துக்குமா? சேத்துக்கலேன்னா எங்கள மாதிரி ஆளுங்க யாருகிட்ட போயி விடுதலை கேக்குறது?"

இந்தக் கேள்வியை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டும் ஒன்றையொன்று விட்டு இராது என்று வழக்கமான தீர்ப்பைச் சொல்லி, சால்வையை வாங்கிக்கொண்டு, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி வீடு வந்து சேர்ந்தேன். காவிரிப் பாலம் தாண்டும்வரை என் முகத்தில் சிரிப்பு இருந்தது என்று நினைக்கிறேன்.

யாரோ செல்போனில் அதைப் படம் பிடித்திருக்கிறார்கள். பேச்சின் முன்பாதி மட்டும், அந்தக் கைதட்டலோடு, ஊரெல்லாம் சுற்றிவிட்டது. தாழ்ந்த குரலில் அவள் கேட்ட பின்பாதி அதில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து புடவைகூட மாற்றவில்லை, காலிங் பெல் அடித்தது. சாதாரணச் சட்டையில் ஒருவர். மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தேன்.

"பயப்படாதீங்க மேடம், சும்மா ஒரு விசாரணைதான். அந்தப் பொண்ணு பேசுன பக்கம் நீங்க குடுத்ததா, இல்ல அதுவா கேட்டு வாங்குச்சா?"

நான் கொடுத்தேன் என்றால் போதும். சீட்டு குலுக்குவோம், மாற்றுவோம், மேடை வழக்கம் சார் என்று விளக்கியிருந்தால் அவர் காபியைக் குடித்துவிட்டுப் போயிருக்கக்கூடும். ஆனால் அந்த மாதம் என் மகளின் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வர வேண்டியிருந்தது. வெளிநாட்டில் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. உள்ளறைக் கதவருகே நின்ற என் கணவர், வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"அவளாத்தான் சார் கேட்டா," என்றேன். "நான் வேணாம்னுகூடச் சொன்னேன்."

அந்த இரண்டாவது வாக்கியம் அவர் கேட்ட கேள்வியிலேயே இல்லை! கேட்காததை ஏன் சொன்னேன்? பயந்தவள் ஒரு பொய்யோடு நிறுத்த மாட்டாளா? இதை எத்தனை முறை எனக்குள் கேட்டிருக்கிறேன் தெரியுமா!

என் மகளுக்குப் பாஸ்போர்ட் வந்தது. தர்ஷினிக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. முகாமை விட்டு வெளியூரில் தங்க அனுமதி வேண்டும், அது வரவில்லை. விசாரணை நிலுவையில் இருக்கிறது என்றார்களாம். அவள் அப்பாவை அழைத்து அழைத்து விசாரித்தார்கள். வேலை கைநழுவிப் போனது. இப்போது மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். தெப்பக்குளம் வழியாகப் போக நேர்ந்தால் நான் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

அப்போதே ஒருநாள் கல்லூரி வாசலில் அவள் என்னைக் கேட்டாள், "மிஸ், உங்களையும் வந்து கேட்டாங்களாமே?" என்று.

"நல்லவிதமாத்தான் சொல்லியிருக்கேன், கவலைப்படாதே" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நன்றிக்காக அழுதாள், ஐயோ... அந்தக் கையை நான் உதறவுமில்லை.

போன வாரம் வீட்டுக்கு வந்தாள். ஒரு பை நிறைய சாத்துக்குடி. பழைய கம்பெனியே மறுபடியும் கூப்பிடுகிறதாம். அனுமதிக்குத் திரும்ப மனுப் போட்டிருக்கிறாள். அந்தப் பேச்சைப் பற்றித்தான் முதலில் கேட்பார்களாம். இந்த முறையும் இல்லையென்றால் இனி எப்போதுமே இல்லை என்று நினைக்கிறாள். விசாரணைக்குத் தன்னைத் தெரிந்த ஒருவரை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் வர வேண்டுமாம்.

அவள் போனதும் கணவர் கதவைச் சாத்தினார். "வாய மூடிக்கிட்டு இரு. உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு. அன்னைக்குப் பொய் சொன்னேன்னு இப்பப் போயி நின்னா உன்னை விட்டுருவாங்களா? ரிட்டயர் ஆகப்போற நேரத்துல!"

அவர் சொல்வது தப்பில்லை. எனக்கும் அதே பயம்தான். வாசலில் பைக் நின்றால் உடம்பு வியர்க்கிறது. விசாரணைக்குப் போனால் என் பழைய வாக்குமூலம் அங்கே இருக்கும். போகாவிட்டால், 'உன் டீச்சரே வரவில்லையே' என்று அவளைக் கேட்பார்கள். போய் உண்மையைச் சொன்னால் அவள் பக்கத்தில் நின்று அதைக் கேட்பாள்... போலீசைவிட எனக்கு அதுதான் பயம். இதை எழுதுகிறபோதுகூட அவளைப் பற்றிய பயமா, என்னைப் பற்றிய பயமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? வேண்டாம், சொல்லாதீர்கள்.

வருகிறேன் என்று அன்றே அவளிடம் சொல்லிவிட்டேன். நாளைக் காலை விசாரணை. என் வாயிலிருந்து என்ன வரும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

அன்று கிளம்பிப் போகும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தாள். "எனக்குப் பயமே இல்ல மிஸ். நீங்க சொன்னா அவங்க நம்புவாங்க."

நம்புவார்கள்... ஏற்கெனவே ஒரு முறை நம்பியிருக்கிறார்களே!