ஞாயிற்றுக்கிழமை வராத தும்மல்

அகன்ற வாயுள்ள ஸ்டீல் பிளாஸ்க் ஒன்று. அதைப் பழைய டவலில் சுற்றி, மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். ஆய்வகத்து ஜீப் அன்று பழுதாகிவிட்டதால் நானும் அதே பஸ்ஸில், இரண்டு இருக்கை தள்ளி, அவரைத் தெரியாதவன்போல உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, பிளாஸ்க்கில் என்ன என்று கன்னடத்தில் கேட்டார். "சாம்பாரு" என்றார் இவர். "நமகூ ஸ்வல்ப கொடி" என்று கண்டக்டர் சிரித்தபடி தனக்கும் கொஞ்சம் கேட்டார். "பேடா சார், இவத்து உப்பு ஜாஸ்தி" என்று முகம் மாறாமல் மறுத்தார் இவர்; இன்று உப்பு அதிகமாம். உப்பு ஜாஸ்திதான். உள்ளே இருந்தது வெதுவெதுப்பான உப்பு நீர். அன்று காலை இறைச்சிக்கூடத்தில் பன்றிக் குடலிலிருந்து எடுத்த இருபது உருளைப்புழுக்கள், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், அதில் நெளிந்துகொண்டிருந்தன. பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. மூடியைத் திறந்து காட்டச் சொன்னால் என்ன செய்வார் இந்த அம்மா என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் எங்கள் ஆய்வகத்தின் டெக்னீஷியன். ஒக்கலிபுரத்தில் வீடு, மூன்று தலைமுறையாகப் பெங்களூர். எல்லோரும் அவரை அக்கா என்றே அழைத்தார்கள், அவரைவிட இரண்டு வயது மூத்த நானும். நான் அந்தத் திட்டத்தின் தலைவன். குழந்தைகளின் குடலில் வளரும் நாக்குப்பூச்சி என்னும் உருளைப்புழுவுக்குத் தடுப்பூசி செய்வது எங்கள் வேலை. பூச்சி மாத்திரை கொடுத்தால் புழு வெளியே வந்துவிடும், உண்மைதான். ஆனால் அதே மண்ணில் விளையாடி அதே கையால் சாப்பிடும் குழந்தைக்குச் சில மாதங்களில் மறுபடியும் வந்துவிடும். மறுபடி மாத்திரை, மறுபடி புழு. இந்தச் சலிப்பூட்டும் சுற்றை ஓர் ஊசியால் நிறுத்திவிடலாம் என்று நான் மனதார நம்பினேன். பன்றியின் புழுவும் மனிதனுடையதும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே பன்றிப் புழுவை அறுத்து, அதன் உடல்நீரிலிருந்து புரதங்களைப் பிரித்து, எண் போட்ட குப்பிகளில் வைப்போம். அறுப்பது அக்கா. ஒரே கீறல்தான், குடல் கிழியாது. அந்தக் கை வேறு யாருக்கும் வரவில்லை.

முதல் வருஷம் ஒன்றுமில்லை. இரண்டாம் வருஷம் அவருக்குத் தும்மல் தொடங்கியது. பிறகு கண் சிவந்தது, மூக்கு ஒழுகியது, அப்புறம் நெஞ்சில் விசில் மாதிரி ஒரு சத்தம். பெங்களூரில் தும்மாதவர் யார்? இங்கே ஒருவர் தும்மினால் பக்கத்திலிருப்பவர் யோசிக்காமல் சொல்லும் வார்த்தை 'கிளைமேட்'. அதற்கு மேல் கேட்டால் பார்த்தீனியம் செடியின் மேல் பழியைப் போடுவார். விஞ்ஞானி என்று சம்பளம் வாங்கிய நானும் அதையேதான் சொன்னேன்.

"சார், ஞாயித்துக்கெழமையும் நான் பெங்களூர்லதானே கீறேன்? வேற ஊருக்கா பூட்டேன்? அன்னிக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது?"

"வீட்ல ரெஸ்ட்ல இருப்பீங்க, அதனாலதான்."

"ரெஸ்ட்டா? ஞாயித்துக்கெழமை எங்க வூட்டாண்ட வந்து பாருங்க சார் என் ரெஸ்ட்ட."

மாணவர்கள் சிரித்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. அவர் பேசியது துடுக்கு என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னைச் சுட்டது வேறு. ஒரே ஊர், ஒரே காற்று, புழு இல்லாத ஒரு நாள்: நான் செய்திருக்க வேண்டிய ஒப்பீட்டை அவர் செய்துவிட்டார். சில மாதம் கழித்து, இறால் சாப்பிட்டால் உதடு வீங்குகிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை இறால் இல்லாமல் அவர் வீட்டில் சமையலே கிடையாது. "இறாலையும் என் புழு தலையில கட்டாதீங்க" என்று எரிந்து விழுந்தேன். இறாலின் உடம்பிலும் புழுவின் உடம்பிலும் ஒத்த புரதம் உண்டு என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல.

ஒருநாள் டீ நேரத்தில் என் அறைக்குள் வந்து இரண்டு கைகளையும் மேஜைமேல் நீட்டினார். இரண்டிலும் ஊசியால் லேசாகக் கீறிய தடம். இடது கையில் ஒன்றுமில்லை. வலது கையில் ரூபாய் நாணய அளவுக்குச் சிவந்து தடித்திருந்தது.

"பாத்துக்கோங்க சார். லெஃப்ட்டு உப்புத் தண்ணி. ரைட்டு உங்க மூணாம் நம்பரு."

மூன்றாம் எண் குப்பியில் இருந்த புரதம்தான் நான் தடுப்பூசிக்கென்று தேர்ந்தெடுத்திருந்தது. எலிகளிடம் அது அற்புதமாக வேலை செய்திருந்தது. நான் அந்தக் கையைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, யாரைக் கேட்டு இதைச் செய்தீர்கள் என்று கத்தினேன். அனுமதியில்லாமல் தன்மேல் பரிசோதித்துக்கொள்வது விதிப்படி தவறுதான். அந்த விதி எனக்கு வசதியாகப் போயிற்று. மறு வாரமே, உடம்புக்கு நல்லது என்று சொல்லி, அவரை ஸ்டோருக்கு மாற்றினேன்.

மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்க அனுமதி கேட்கும் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. இந்தப் பொருளைக் கையாண்ட எவருக்காவது ஒவ்வாமை ஏற்பட்டதுண்டா? 'இல்லை' என்று எழுதினேன். அவர் மேல் பட்டது புழுவிலிருந்து எடுத்த அரைகுறைச் சரக்கு, ஊசியில் போவது சுத்தமாகத் தயாரித்தது, ஆகவே இரண்டும் வேறு என்று எனக்குள் வாதாடினேன். அந்த வாதத்தைப் படிவத்தில் எழுதியிருக்கலாமே? எழுதியிருந்தால் கேள்விகள் வரும், ஒரு வருஷம் தள்ளிப்போகும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

பரிசோதனைக்குத் தன்னார்வலர்களை ஒக்கலிபுரம் பக்கத்திலும் தேடினோம். அக்காவின் நாத்தனார், கணவரின் தங்கை, அதே சந்தில் எதிர் வீட்டில் இருந்தார். குழம்புக் கிண்ணம் நாளுக்கு நாலு தடவை அந்தச் சந்தைக் கடக்கும். அப்படிப்பட்ட உறவு. அக்கா ஸ்டோரிலிருந்து என் அறைக்கு வந்து கேட்டார்: "என் கைய வீங்க வச்சதுதானே சார் அது? எங்க நாத்தனாரு சேரட்டுமான்னு கேக்கறா. உங்கள நம்பி அனுப்பட்டுமா?"

"தாராளமா அனுப்புங்க அக்கா. உங்களுக்குப் பட்டது அழுக்கு. இது சுத்தம் பண்ணது."

ஊசி போட்ட இருபதாவது நிமிஷம் அந்தப் பெண்ணுக்குக் கழுத்திலிருந்து தடிப்பு கிளம்பியது. உதடு வீங்கியது, மூச்சு அடைத்தது. டாக்டர்கள் தயாராக இருந்ததால் பிழைத்தார். அன்றே இன்னும் இருவருக்குத் தடிப்பு. பரிசோதனை நின்றது. சிறு வயதில் புழு இருந்த உடம்பு அதை மறப்பதில்லை. அதே புரதம் ஊசி வழியாக உள்ளே வந்தால் பகைவன் வந்ததாகக் கொதிக்கிறது. நம் ஊரில் புழு வராத உடம்பு எத்தனை? யாருக்காக அந்த ஊசியோ அவர்களுக்கே அது ஆகாது. ஒரு டெக்னீஷியனின் வலது கை இதை முன்பே சொல்லியிருந்தது. விசாரணைக் குழுவிடம் நான் சொன்னது, 'எதிர்பாராத விளைவு'. ஸ்டோரில் இருந்தவரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

நாத்தனார் அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டார். அண்ணி தெரிந்தே தன்னை எலியாக்கிவிட்டாள் என்று சந்து முழுக்கச் சொன்னாராம். அக்கா ஓய்வு பெற்ற அன்று இதை என்னிடம் சொன்னார். போகப்போகச் சரியாகிவிடும் என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் என்னையே அறையத் தோன்றுகிறது.

போன மாதம் வேறொரு ஆய்வகத்திலிருந்து ஒரு ஆராய்ச்சியாளர் போனில் பேசினார். அதே புரதத்தைப் புது வழியில் முயலப் போகிறார்களாம். "கையாண்டவங்க யாருக்கும் ரியாக்‌ஷன் இல்லைன்னு உங்க ஃபார்ம்ல இருக்கு. சரிதானே சார்?" சரியில்லை என்று சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. அக்காவின் கையைப் பற்றிச் சொன்னதும், அவர் அந்த அம்மாவோடு பேச வேண்டும் என்றார். அதற்குமுன் நான் பேச வேண்டியிருந்தது.

அக்கா இப்போது ஹெப்பகோடியில் மகள் வீட்டில் இருக்கிறார். போய்ச் சேர இரண்டரை மணி நேரம், அதில் பாதி ஒரே சிக்னலில். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. மூச்சு வாங்க நான் நின்றபோது, இடுப்பில் இன்ஹேலரைச் செருகியிருந்த அக்கா கேட்டார்: "இன்னா சார், கிளைமேட்டா?"

ஸ்டோருக்கு மாற்றியது தவறு என்று தொடங்கினேன்.

"அத வுடுங்க சார். நீங்க பண்ண ஒரே நல்ல காரியம் அதான். அங்க போனப்புறம்தான் மூச்சே வந்துது."

பிறகு படிவத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் டிவியை அணைத்தார்.

"எத்தினி வருசமா சொல்லினு கீறேன் தெரியுமா? சார யாரும் கேக்கல, கேட்டிருந்தா எழுதியிருப்பாருன்னு. கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"கேட்டு, இல்லன்னு எழுதினீங்க."

"ஆமா. மன்னிச்சிடுங்க அக்கா."

"சும்னே இருங்க சார்! என் மன்னிப்ப வாங்கினு நீங்க நிம்மதியா வூட்டுக்குப் பூடுவீங்க. நான்? உங்க போன எடுங்க. என் நம்பர் பாத்தா அவ எடுக்கமாட்டா."

நாத்தனாரின் எண்ணை அவர் மனப்பாடமாகச் சொன்னார். நான் அழுத்தினேன். இன்னார் என்று சொன்னதும், "ஊசி போட்ட ஆபீஸா? இன்னும் இன்னா வேணும் உங்களுக்கு? அன்னிக்குச் செத்துப் பொழச்சேன்" என்றது அந்தக் குரல். அக்காவின் கையைப் பற்றி, அவர் என்னிடம் வந்து கேட்டதைப் பற்றி, நான் சொன்ன பதிலைப் பற்றி, ஒன்று விடாமல் சொன்னேன்.

"அப்ப அண்ணி கேட்டாங்களா உங்கள?"

"கேட்டாங்கம்மா. நான்தான் பொய் சொன்னேன்."

"அண்ணி அங்கியா கீறாங்க?"

"ஆமா."

"குடுங்க."

அக்கா போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். "ஏன்டி, எம் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட வரலல்ல நீ?" என்று ஆரம்பித்தார். சண்டை பலமாகப் பிடித்துக்கொண்டது. போனோடு பால்கனிக்குப் போய்விட்டார். நான் அணைந்த டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். போன் இல்லாமல் ஆட்டோ கூப்பிட வழியில்லை. திருப்பிக் கேட்க வாயும் வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அவர் தலையை உள்ளே நீட்டினார், கண் சிவந்திருந்தது.

"சார், சார்ஜ் கம்மியா கீது. அந்த டிவியாண்ட சார்ஜர் கீது பாருங்க, எடுத்தாங்க."

எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.